அப்டேட்: தோள்பட்டை கிழிஞ்சும் வில்லை விக்கல

போன பங்குனியில எழுதியிருந்தேன், 61 வயசு, வலது தோள்ல தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு, முழுசா இழுக்க 38 பவுண்டு பலம் கேக்குற ரீகர்வ் வில்லை (நுனி முன்பக்கமா வளைஞ்ச வில்) இழுக்கவே முடியல, வித்துடலாமான்னு. விக்காதீங்க அண்ணேன்னு சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ரெண்டு மாசம் வில்லையே தொடல. மஞ்சக்குப்பம் வீட்ல கொல்லைக் கதவு கொண்டியில ரப்பர் பேண்டை மாட்டி, முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு வெளிப்பக்கமா மெதுவா இழுக்குறது, காலைல 15, சாயங்காலம் 15, பிசியோ தம்பி சொன்னது அவ்வளவுதான், ஆனா ஒருநாள் விடல. அப்புறம் காம்பவுண்டுக்கு, அதாவது நுனிகள்ல சக்கரம் வெச்ச வில்லுக்கு மாறினேன். ரீகர்வ்ல முழுசா இழுத்து நிக்கும்போதுதான் மொத்த பாரமும் கையில இருக்கும், காம்பவுண்ட்ல கேம்ங்குற அந்தச் சக்கரம் சுத்தினதும் பாரம் சட்டுனு இறங்கிடும், இப்படிக் குறையுறதுதான் லெட்-ஆஃப், அது 80 சதவீதம்னா 40 பவுண்டு வில்லுல பிடிச்சு நிக்குறது 8 பவுண்டுதான். ஆனா இழுக்குற நடுவுல அந்த 40ம் தோள்ல வந்துதான் போகும், அதனால நான் 30க்கு இறக்கித்தான் ஆரம்பிச்சேன்.

அமெரிக்காவுல மச்சான் இந்த வயசுலயும் லைசன்ஸ் எடுத்து வில்லோட மான் வேட்டைக்குப் போறார். இங்க 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, அது சரிதான்னு மனசார நினைக்கிறேன். நமக்கு பண்ருட்டி பக்கம் அண்ணனோட முந்திரித் தோப்புல ஃபோம் மான் பொம்மை போதும். நேத்து 20 மீட்டர்ல 5 அம்பு, 4 நெஞ்சுல ஏறிச்சு, அஞ்சாவது விடும்போது தோள்ல சுருக்குன்னுச்சு, அங்கயே நிறுத்திட்டு அம்பைப் புடுங்கிட்டு வந்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன்.