கல்ட் குழுக்களை (ஆட்களை ஒரு தலைவரின் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கூட்டங்களை) பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

யாழினி:
மகனுக்கு 14, மகளுக்கு 8. ஜிம் ஜோன்ஸ் என்ற மதத் தலைவரின் சபையினர் ஜோன்ஸ்டவுனில் கூட்டமாக விஷத்தால் செத்தது பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அத்தனை பேரும் ஏன் அந்த ஆள் பேச்சைக் கேட்டாங்க?" என்கிறான் பெரியவன். "கெட்ட சாமி கும்பிடுறவங்க" என்று தங்கைக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறான். யாரிடம் எதைச் சொல்வது?

முகிலன்:
முதலில் அந்தக் "கெட்ட சாமி"யைத் திருத்துங்கள். விட்டால் நாளைக்கே வேறு மதத்துப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்லிவைப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நம்பிக்கையும் விநோதம்தான். ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

8 வயதுக்கு நான்கு கேள்வி போதும். ஒரு குழுவில் சேர்ந்தால், அங்கே 'மாட்டேன்' சொல்லலாமா? சந்தேகம் கேட்டால் திட்டு விழுமா? பிடிக்காவிட்டால் கிளம்பி வரலாமா? நடந்ததை வீட்டில் சொல்லலாமா? கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ரகசியத்தில் இரண்டு வகை: பிறந்தநாள் பரிசை ஒளித்து வைத்தால் அது ஒருநாள் வெளியே வந்துவிடும், அது பரவாயில்லை. "யாரிடமும் எப்போதும் சொல்லாதே" என்றால், சொன்னவர் யாராக இருந்தாலும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சாவு, விஷம் எல்லாம் நீங்களாக எடுக்க வேண்டாம். அவளே கேட்டால் பொய் சொல்லாமல் ஒரே வரியில் முடியுங்கள்.

ஒன்று, இதே கேள்விகள் உங்கள் பக்கமும் திரும்பும். "நம்ம வீட்ல மட்டும் மாட்டேன்னு சொன்னா ஏன் திட்றீங்க?" பதில் தயாராக இருக்கட்டும்.

தேன்மொழி:
பெரியவனிடம் விவரமாகவே பேசலாம். "எல்லாரும் முட்டாள்கள்" என்ற முடிவுக்கு மட்டும் அவனை விடாதீர்கள். நாம் ஏமாறமாட்டோம் என்று நினைப்பவன் உஷாராக இருக்கமாட்டான்.

ஜோன்ஸின் அந்தச் சபை ('பீப்பிள்ஸ் டெம்பிள்') 1950களில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஆரம்பித்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்த இடம், ஏழைகளுக்குச் சோறு போட்ட இடம். நல்லது செய்யத்தான் பலரும் சேர்ந்தார்கள். அப்புறம் படிப்படியாகச் சொத்தை எழுதி வாங்குவது, தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டுக்கு (அங்கேதான் ஜோன்ஸ்டவுன்) கூட்டிப்போவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வது, கடிதங்களைப் பிரித்துப் படிப்பது. விஷம் குடிக்க ஒத்திகைகூட நடந்தது. 1978 நவம்பர் 18 அன்று செத்தவர்கள் 900க்கும் மேல். அதில் 300க்கும் மேற்பட்டோர் 18 வயது ஆகாதவர்கள். கைக்குழந்தைகளின் வாயில் சிரிஞ்சால் பீய்ச்சினார்கள், சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் நின்றது. "பேச்சைக் கேட்டாங்க" என்பதே பாதிக்கு மேல் தப்பு என்று அவனுக்கே புரியும்.

அன்பைக் கொட்டும் முதல் வாரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அறிமுகமான உடனே ஓயாத பாராட்டு, ஓயாத மெசேஜ். பிறகு பழைய நண்பர்களைக் குறை சொல்வது. சாமியே இல்லாத ஆன்லைன் குழுக்களிலும் இதே வழிதான்.

யாழினி:
நன்றி. சொந்தக்காரர் ஒருவரே அப்படி ஒரு குழுவில் இருந்தால்?

கதிர்:
அவரைத் திட்டாதீர்கள், விதியை மட்டும் பேசுங்கள்: "அத்தையை நமக்குப் பிடிக்கும். டாக்டரிடம் போகக்கூடாது என்று அங்கே சொல்வது தப்பு." உறவை வெட்டினால், "வெளியாட்கள் கைவிடுவார்கள்" என்று அந்தக் குழு சொன்னது பலித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நீங்கள் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டாம். "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பதை இருவரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவையுங்கள். அதற்கு எதிராளி முகம் சுளித்தால், அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.