காபிச் சக்கையைச் செடிகளுக்கு நேரடியாக இடலாமா?

துளிர்:
காபி வடிகட்டிய பின் மிஞ்சும் சக்கையைக் குப்பையில் கொட்ட மனமின்றி, தொட்டிகளில் வளரும் ரோஜா, தக்காளிச் செடிகளின் அடியில் தூவி வருகிறேன். இப்போது மண்ணின் மேல் ஒரு கறுத்த படலம் இறுகிவிட்டதால், ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் தொட்டியின் ஓரமாகவே வழிந்து போகிறது. அங்கங்கே வெண்பூசணம் படர்ந்திருக்கிறது. செடிகளின் கீழ் இலைகளும் வெளிறிவிட்டன. சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி என்று சிலரும், அது மண்ணை அமிலமாக்கிவிடும் என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். சக்கையோடு சுண்ணாம்பு சேர்க்க வேண்டுமா? எவ்வளவு இடலாம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வேர்முடிச்சு:
தழைச்சத்து இருப்பது உண்மைதான். உலர்ந்த சக்கையின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு தழைச்சத்து உண்டு. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மிகக் குறைவு. ஆனால் அந்தத் தழைச்சத்தின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து கிடப்பதால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சக்கையைச் சிதைத்து முடிக்கும் வரை அது வேருக்கு எட்டாது. அதுமட்டுமன்றி, சிதைக்கத் தொடங்கும் காலத்தில் அந்த நுண்ணுயிர்கள் தங்கள் பெருக்கத்துக்காக மண்ணில் ஏற்கெனவே இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பற்றாக்குறை வரும்போது செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து தழைச்சத்தை இழுத்துத் தளிர்களுக்கு அனுப்பும் என்பதால், கீழ் இலைகள் முதலில் வெளிறுவது இதன் அறிகுறியாக இருக்கலாம். நீர் சரியாக இறங்காததும் காரணமாகலாம். உங்கள் தொட்டியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்றே கருதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வடிகட்டிய பிறகும் சக்கையில் ஓரளவு காஃபீனும் ஃபீனால் வகைச் சேர்மங்களும் தங்கிவிடுகின்றன. இவை விதை முளைப்பையும் இளவேர்களின் வளர்ச்சியையும் தடுக்கக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ப்ரோக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி உள்ளிட்ட செடிகளுக்கு மட்காத சக்கையை மண்ணில் கலந்து கொடுத்தபோது எல்லாவற்றின் வளர்ச்சியும் குன்றியது. மண்ணின் தன்மையை மாற்றிப் பார்த்தும், தனியாக உரம் சேர்த்துப் பார்த்தும் பலனில்லை. ஆகவே தழைச்சத்துக் குறைபாட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. மண் நீரைப் பிடித்துவைக்கும் திறன் அந்த ஆய்வில் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சக்கை மண்ணுக்கு உதவுகிறது, ஆனால் மட்காத நிலையில் அன்று.

கரிசல்:
அமிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காபிக்கொட்டையின் அமிலங்கள் நீரில் எளிதில் கரைபவை என்பதால் பெரும்பாலும் நாம் குடிக்கும் காபியோடு போய்விடுகின்றன; சக்கை பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியோ சற்று அமிலமாகவோ இருக்கும். அதற்காகச் சுண்ணாம்பு சேர்ப்பது வீண் வேலை. அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு இதையே மருந்தாக நம்பியிருப்பதும் அப்படித்தான்.

மட்குக்குழி:
சக்கையின் சரியான இடம் மட்குக்குவியல்தான். அதன் கரி–தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 20:1. எனவே நிறத்தில் பழுப்பாக இருந்தாலும் தழைச்சத்து மிகுந்த பச்சைக் கழிவோடு சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும். காய்ந்த சருகு, கிழித்த அட்டை போன்ற கரிச்சத்து மிகுந்தவற்றை நிறையக் கலந்து, குவியலின் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுக்கப்படாத வடிதாளையும் அப்படியே போடலாம். ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் காபி மணம் முற்றிலும் மறைந்து மண்வாசனை எழும். அதன் பிறகே செடிக்கு இடுங்கள். மண்புழுத் தொட்டியில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம், ஒரேயடியாகக் கொட்டினால் புழுக்கள் ஒதுங்கிவிடும். சேர்த்துவைக்க வேண்டியிருந்தால் பரப்பி உலர்த்திவிடுங்கள். ஈரச் சக்கையை மூடிவைத்தால் விரைவில் பூசணம் பிடிக்கும்.

தரையில் வளரும் பெரிய செடிகளுக்கு மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, இடுவதென்றால், 1 சென்டிமீட்டருக்கு மிகாத மெல்லிய அடுக்காகப் பரப்பி, அதன் மேல் சருகையோ மரச்சீவலையோ தாராளமாகப் போட வேண்டும். சக்கைத் துகள்கள் நுண்ணியவை. வெளியில் காய விட்டால் ஒன்றோடொன்று ஒட்டி நீரையும் காற்றையும் தடுத்துவிடும். தொட்டிகளில் இதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துளிர்:
மிக்க நன்றி. இருக்கும் தொட்டிகளை இப்போது என்ன செய்வது? கீரை விதைக்கும் பாத்தியில் நத்தைத் தொல்லை மிகுதியாக இருக்கிறது. அங்கே சக்கை தூவினால் நத்தை வராது என்கிறார்களே?

வேர்முடிச்சு:
இறுகிய படலத்தைச் சுரண்டி எடுத்து மட்குக்குவியலில் சேருங்கள். மேல்மண்ணை வேர் அறாமல் கிளறி, நன்கு மட்கிய உரத்தை ஒரு கைப்பிடி இட்டு, நீர் அடித்துளை வழியே வெளியேறுகிறதா என்று பாருங்கள். வெண்பூசணம் சக்கையைத் தின்று வாழ்வது. செடிக்குக் கெடுதல் செய்யாது.

விதைப் பாத்தியில் சக்கை வேண்டாம், முளைப்பே கெடும். நத்தை பற்றிய நம்பிக்கை, 2002-ல் ஹவாயில் செய்யப்பட்ட சோதனையிலிருந்து பரவியிருக்கலாம். அங்கே நத்தைகளைக் கொன்றவை 1 முதல் 2 விழுக்காடு காஃபீன் கரைசல்கள். நாம் குடிக்கும் காபியிலேயே காஃபீன் ஏறத்தாழ 0.05 விழுக்காடுதான் என்னும்போது, வடித்துவிட்ட சக்கையிடம் அந்த வீரியத்தை எதிர்பார்க்க முடியாது. மாலையில் ஈரச் சாக்கை விரித்துவைத்து, காலையில் அதனடியில் கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கிவிடுவது இதைவிடப் பயன் தரும்.

மட்குக்குழி:
வீட்டில் நாய் வளர்த்தால் குவியலை மூடியிட்டு வையுங்கள். காஃபீன் நாய்களுக்கு நஞ்சு. சக்கையை அதிகம் தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.