வைட் கேரக்டரை மல்டிபைட்டாக மாற்றும்போது உங்களுக்கு என்ன நடந்தது?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் எடுக்கும் நிரலை சி மொழியில் எழுதினேன். உள்ளே பெயர்கள் எல்லாம் வைட் கேரக்டர், அதாவது ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவு இடம். கோப்பில் எழுதும் முன் டபிள்யூசிஎஸ்டுஎம்பிஎஸ் (wcstombs) ஃபங்ஷனால் மல்டிபைட்டாக, அதாவது குறிக்குக் குறி பைட் எண்ணிக்கை மாறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவேன். டெர்மினலில் ஓட்டினால் அழகாக வரும். இரவில், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் கிரான் ஓட்டினால் தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் குப்பை. ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்கள் மட்டும் தப்பித்தன.

காரணம் லொகேல், அதாவது மொழியும் எழுத்துக் குறியாக்கமும் எது என்று நிரலுக்குச் சொல்லும் அமைப்பு. எந்த சி நிரலும் 'சி' லொகேலில்தான் தொடங்கும். லொகேலை மாற்றும் செட்லொகேல் ஃபங்ஷனுக்கு வெற்றுச் சரம் கொடுத்தால், அது சூழலில் இருக்கும் லாங் (LANG) மாறியைப் பார்க்கும். டெர்மினலில் அது யுடிஎஃப்-8, அதாவது யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை. கிரானில் அந்த மாறியே இல்லை, ஆகவே மறுபடியும் 'சி' லொகேல். லினக்ஸின் சி லைப்ரரியான க்ளிப்சியில் அந்த லொகேலில் தமிழ் எழுத்தை மாற்ற முடியாது. மாற்றும் ஃபங்ஷன் பிழைக்கு அடையாளமாக -1 திருப்பும்.

அந்த -1-ஐ நான் சோதிக்கவே இல்லை. எத்தனை பைட் வேண்டும் என்று முதலில் நல் (NULL, வெற்று முகவரி) கொடுத்துக் கேட்டு, வந்த எண்ணோடு 1 கூட்டி, நினைவகம் ஒதுக்கும் மல்லாக்கிடம் கொடுத்தேன். வந்த எண்ணின் வகை சைஸ்-டி, அதாவது கழித்தல் குறியே இல்லாத எண் வகை. அதில் -1 என்பது இருப்பதிலேயே பெரிய எண், அதோடு 1 கூட்டினால் 0. பூஜ்யம் பைட்டுக்கு மல்லாக்! நிரல் விழுந்திருந்தாலாவது அன்றே தெரிந்திருக்கும். விழாமல், நினைவகத்தில் கிடந்ததை எடுத்து எழுதிக்கொண்டிருந்தது. கிரானின் அட்டவணையான கிரான்டேபில் லாங் வரியைச் சேர்த்தேன். அப்புறம் -1 வந்தால் பெயரின் எண்ணோடு பிழையைப் பதிவு செய்யும்படி மாற்றினேன்.

*

அண்ணா, எனக்கு நடந்தது வேறு. ரசீதில் பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தேன், தாராளம் என்று நினைத்து. "கண்ணன்" நமக்கு நாலு எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் தனிக் குறி, ஆக 6 குறி. யுடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 18. நீங்கள் சொன்ன அதே ஃபங்ஷன் ஒரு குறியை நடுவில் வெட்டாது, அதனால் 15 பைட்டோடு நின்றுவிட்டது. கடைசிப் புள்ளி போய் ரசீதில் "கண்ணன" என்று வந்தது. தன் பெயரையே தப்பாகப் பார்த்தவர் அதைக் கொண்டுவந்து காட்டியபோது மிகவும் சங்கடமாகிவிட்டது.

இன்னொன்று, இடம் போதாமல் நின்றால், சரம் முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்தை முடிவில் வைக்காது. அதை நாமே வைக்க வேண்டும். நான் வைத்திருந்ததால் பின்னால் குப்பை வரவில்லை. இப்போது நீளத்தைக் கேட்டுத்தான் இடம் ஒதுக்குகிறேன்.

*

நான் விண்டோஸில் எழுதுகிறேன். அங்கே வைட் கேரக்டர் 2 பைட், லினக்ஸில் 4. அங்கே இதே மாற்றத்தைச் செய்யும் வைட்கேர்டுமல்டிபைட் ஃபங்ஷனுக்குக் கணினியின் வழக்கமான கோட்பேஜை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த பைட் என்ற அட்டவணையைக் கொடுத்தேன். தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. தமிழுக்கென்று அப்படிக் கணினியின் வழக்கமான கோட்பேஜாக வைக்க ஒரு பழைய கோட்பேஜ் விண்டோஸில் கிடையாது. எண் 65001, அதாவது யுடிஎஃப்-8 கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் சேமித்த கோப்புகளில் கேள்விக்குறிதான் மிச்சம். அந்தப் பெயர்களைத் தாள் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம்.