டெக்சாஸ் எல்எல்சி: ரிஜிஸ்டர்டு ஏஜென்ட் மாத்தியும் பழைய பேரே காட்டுது, உதவி வேணும்

நடுராத்திரி_கோடர்
அவசரம். என் எல்எல்சிக்காக (ஓனரோட சொந்தச் சொத்துக்குப் பொறுப்பு வராத வகைக் கம்பெனி) மே மாசம் அனுப்புற ரிப்போர்ட்ல, ரிஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனி பேர்ல வர்ற சம்மன், அரசாங்கக் கடிதங்களை வாங்கிக்கிறவர்) கட்டத்துல புதுப் பேரை எழுதி அனுப்பிட்டேன். இப்ப தேடிப் பார்த்தா பழைய கம்பெனி பேர்தான் வருது. அவங்க அடுத்த வருஷ பில்லையும் அனுப்பிட்டாங்க, ரெண்டு மடங்கு. கார்டை எடுத்துட்டு அக்கவுண்டை கேன்சல் பண்ணிடலாமா?

கணக்குப்பிள்ளை
எந்த ரிப்போர்ட், எந்த ஆபீசுக்கு? எல்எல்சி எந்த ஸ்டேட்ல ஆரம்பிச்சது? புது ஏஜென்ட் தனி ஆளா, கம்பெனியா? இதெல்லாம் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும். அதுவரைக்கும் எதையும் கேன்சல் பண்ணாதீங்க.

ஃப்ரிஸ்கோ_மாமி
பிஓஐ ரிப்போர்ட்டை (கம்பெனியோட நிஜமான ஓனர் யார்னு மத்திய அரசுக்குச் சொல்றது) அப்டேட் பண்ணீங்களா? அதுல பழைய விவரம் இருந்தா தினம் 500 டாலருக்கு மேல அபராதம்னு எங்க சிபிஏ (ஆடிட்டர்) சொன்னார். முதல்ல அதைப் பாருங்க.

கணக்குப்பிள்ளை
மாமி, அது பழைய கதை. 2025 மார்ச்லயே அமெரிக்காவுல தொடங்கின கம்பெனிகளுக்கு ஃபின்சென் (அந்த ரிப்போர்ட்டை வாங்குற மத்திய அரசு ஆபீஸ்) விலக்கு கொடுத்தாச்சு. அது இருந்த காலத்துலயும் அந்த ரிப்போர்ட்ல ரிஜிஸ்டர்டு ஏஜென்ட் பேரைக் கேட்கவே இல்ல.

மூத்தகுடி
இதே கேள்வி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி அனுப்பியது கம்ப்ட்ரோலருக்குப் போகும் 05-102 படிவம், பப்ளிக் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட். ஏஜென்ட்டை மாற்ற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் படிப்பது நல்ல பழக்கம். கம்ப்ட்ரோலர் வரி வாங்குகிற ஆபீஸ். ஏஜென்ட் பதிவு இருப்பது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம். ஒன்றில் எழுதினால் மற்றதில் மாறாது.

மெஸ்கிட்_மரம்
மூத்தகுடி சொன்ன விஷயம் சரி, தொனியை விடுங்க. செய்ய வேண்டியது இது.

முதல்ல புது ஏஜென்ட்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. அதுக்கு 401-ஏன்னு ஒரு படிவம் இருக்கு. அதை அனுப்ப வேண்டாம், கம்பெனி ஃபைல்ல வச்சுக்கிட்டா போதும். ஆனா சம்மதம் இல்லாம பேர் போடக் கூடாது. நீங்க கையெழுத்துப் போடுறதே அவர் சம்மதிச்சுட்டார்னு உறுதி சொல்ற மாதிரி.

அப்புறம் ஏஜென்ட்டை மாத்துற ஃபார்ம் 401. எஸ்ஓஎஸ் டைரக்ட் (செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டோட வெப்சைட்) வழியா ஆன்லைன்லயே போடலாம். கட்டணம் 15 டாலர், கிரெடிட் கார்டுன்னா 2.7 சதவீதம் கூட. தபால்ல அனுப்பினா ரெண்டு பிரதி.

திரும்பி வர்றது பெரும்பாலும் சின்னச் சின்ன காரணத்துக்குத்தான். கம்பெனி பேர் பதிவுல இருக்கிற மாதிரியே கமா, புள்ளி உட்பட இருக்கணும், ஃபைல் நம்பர் சரியா இருக்கணும். ஏஜென்ட் தனி ஆளா நிறுவனமான்னு ஒரு பெட்டியைத்தான் டிக் பண்ணணும். எல்எல்சி தனக்குத் தானே ஏஜென்ட்டா இருக்க முடியாது. ஓனரான நீங்க இருக்கலாம், ஆனா டெக்சாஸ்ல குடியிருக்கணும்.

நடுராத்திரி_கோடர்
நன்றி. உடனே ஒண்ணு போட்டேன், திரும்பி வந்துடுச்சு. அட்ரஸ் சரியில்லையாம். கடைத்தெருவுல மெயில்பாக்ஸ் எடுத்திருக்கேன், அதைத்தான் போட்டேன். தெரு பேர், நம்பர் எல்லாம் இருக்கே?

மெஸ்கிட்_மரம்
தெரு பேர் இருந்தா பத்தாது. ஒருத்தர் நேர்ல வந்து ஆள் கையில சம்மன் கொடுக்கக்கூடிய இடமா இருக்கணும். மெயில்பாக்ஸ் சேவை மட்டும் நடக்கிற இடம் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பி.ஓ. பாக்ஸும் அப்படித்தான். வீட்டு அட்ரஸ் போடலாம், ஆபீஸ் இருந்தா அதைப் போடலாம்.

ஓக்லான்_காபி
வீட்டு அட்ரஸைப் போட்டு நீங்களே ஏஜென்ட்டா இருங்க ப்ரோ. வருஷா வருஷம் எவனுக்கோ ஏன் தண்டம் அழணும்? சின்னக் கம்பெனி மேல யார் கேஸ் போடப் போறாங்க?

ஃப்ரிஸ்கோ_மாமி
வீட்டு அட்ரஸ் ஊர் பூரா தெரியுமே! ‘லேபர் லா போஸ்டர் வாங்கு’, ‘சர்டிஃபிகேட் வாங்கு’ன்னு அரசாங்கக் கடிதாசி மாதிரியே குப்பை வந்து குவியும்.

ஓக்லான்_காபி
குப்பைத் தொட்டி எதுக்கு இருக்கு மாமி?

கணக்குப்பிள்ளை
குப்பையை விடுங்க. ஜூன், ஜூலைல குடும்பத்தோட ஆறு வாரம் ஊருக்குப் போறோம், வீடு பூட்டியிருக்கும். சம்மன் கொண்டு வர்றவர் ரெண்டு மூணு தடவை வந்து பார்ப்பார். நியாயமா முயற்சி பண்ணியும் ஏஜென்ட் கிடைக்கலைன்னா, செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டையே உங்க ஏஜென்ட்டா வச்சு சம்மனைச் சார்வு பண்ண (முறைப்படி கொடுக்க) சட்டம் விடுது. அவங்க அதை பதிவுல இருக்கிற அட்ரஸுக்குத் தபால்ல அனுப்புவாங்க. அதுவும் பூட்டின வீட்டுக்குத்தான் வரும். டெக்சாஸ் ஸ்டேட் கோர்ட்ல சார்வு ஆகி 20 நாள் முடிஞ்சு, அடுத்து வர்ற திங்கட்கிழமை காலை 10 மணிக்குள்ள பதில் போடணும். போடலைன்னா எதிர்த்தரப்பு டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட் (நீங்க இல்லாமலே தீர்ப்பு) வாங்கிடலாம். நீங்க மதுரைல இருந்து திரும்புறதுக்குள்ள கேஸே முடிஞ்சிருக்கும். வீட்ல எப்பவும் யாராவது இருந்தா ஓக்லான் சொல்றது சரி. இல்லைன்னா காசு கொடுத்து வச்சுக்கிறதுதான் மலிவு.

ஓக்லான்_காபி
ஆயிரத்துல ஒருத்தருக்கு நடக்கிறதுக்கு இவ்வளவு பயமா?

கணக்குப்பிள்ளை
கான்ட்ராக்ட் வேலை பண்ற கம்பெனின்னா அது ஆயிரத்துல ஒண்ணு இல்ல. பேமென்ட் தகராறு ஒண்ணு போதும். கோடர், எந்த ஸ்டேட்ல ஆரம்பிச்சீங்கன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

நடுராத்திரி_கோடர்
டெலாவேர். ஆனா ஆபீஸ், பேங்க் எல்லாம் இங்கதான், டெக்சாஸ்லயும் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கு. ரெண்டு இடத்துலயும் அதே ஏஜென்ட் கம்பெனிதான். அதனால டெலாவேர்ல எதுவும் பண்ண வேண்டாம்தானே?

மூத்தகுடி
தலைப்பில் ‘டெக்சாஸ் எல்எல்சி’ என்று போட்டுவிட்டு, இத்தனை பதிலுக்குப் பிறகு டெலாவேர். அருமை.

மெஸ்கிட்_மரம்
அப்போ ரெண்டு ஸ்டேட்லயும் தனித்தனியா மாத்தணும். டெக்சாஸுக்கு அதே 401, அதே 15 டாலர், வெளி ஸ்டேட் கம்பெனிக்கும் அதே படிவம்தான். டெலாவேர்ல ஏஜென்ட்டை மட்டும் மாத்துற திருத்தப் பத்திரம், எல்எல்சிக்கு 50 டாலர். அங்க ஏஜென்ட்டுக்கு டெலாவேர்ல அட்ரஸ் இருக்கணும், உங்க டெக்சாஸ் வீடு அங்க செல்லாது. வழக்கமா புது ஏஜென்ட் கம்பெனியே தாக்கல் பண்ணிடும். பழைய ஏஜென்ட் ஒத்துக்கணும்னு அவசியமே இல்ல, பில் பாக்கி இருந்தாலும் மாத்தலாம். பாக்கி அவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிற விஷயம்.

ஜூன் 1க்குள்ள கட்ட வேண்டிய 300 டாலர் டெலாவேர் வரி கட்டியாச்சா? அது பாக்கி இருந்தா கம்பெனி குட் ஸ்டாண்டிங்ல (பதிவுல பாக்கி இல்லாத நல்ல நிலைமைல) இருக்காது, ஏஜென்ட் மாத்துற பத்திரத்தையும் வாங்க மாட்டாங்க. வரி நோட்டீஸ் ஏஜென்ட்டுக்குத்தான் போகும். தகராறுல இருக்கிற ஏஜென்ட் மெயிலை நீங்க பாக்காம விட்டிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை
ஏன் கேன்சல் பண்ணாதீங்கன்னு சொன்னேன்னா இதுக்குத்தான். காசு வரலைன்னா ஏஜென்ட் ராஜினாமா தாக்கல் பண்ணுவாங்க. டெக்சாஸ்ல அது 31ஆவது நாள் அமலுக்கு வரும். டெலாவேர்ல 30 நாளைக்குள்ள புது ஏஜென்ட் போடலைன்னா எல்எல்சி பதிவே ரத்து. புது ஏஜென்ட், ரெண்டு ஸ்டேட்லயும் தாக்கல், ஸ்டாம்ப் அடிச்ச காப்பி கையில, அதுக்கப்புறம் பழைய அக்கவுண்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஓக்லான்_காபி
ரெண்டு பேர் இருக்கிற கன்சல்டிங் கம்பெனிக்கு டெலாவேர் எதுக்குன்னு யாராவது சொல்லுங்க. 300 டாலர் வரி, கூட ஒரு ஏஜென்ட் செலவு. வேலை இங்க நடந்தா டெக்சாஸ் கம்ப்ட்ரோலருக்கு அந்த மே மாச ரிப்போர்ட்டை எப்படியும் போடணும்.

மூத்தகுடி
முதலீட்டாளர்கள் டெலாவேரைத்தான் விரும்புவார்கள். கம்பெனி வழக்குகளுக்குப் பெயர்பெற்ற சான்சரி கோர்ட் அங்கே இருக்கிறது.

ஓக்லான்_காபி
அவங்க கேக்கிறது இன்க் (கார்ப்பரேஷன்) சார், எல்எல்சி இல்ல. கன்சல்டிங் கடைக்கு எந்த முதலீட்டாளர் வர்றார்?

மூத்தகுடி
தொலைநோக்கு இல்லாதவர்களோடு வாதம் செய்ய நேரமில்லை.

ஃப்ரிஸ்கோ_மாமி
என் தங்கச்சி வயோமிங்ல போட்டிருக்கா, அங்க ரொம்ப மலிவாம்.

ஓக்லான்_காபி
டெக்சாஸ்ல இருந்து வேலை பார்த்தா இங்கயும் ரிஜிஸ்டர் பண்ணணும் மாமி. மலிவு அங்கயே முடிஞ்சது.

நடுராத்திரி_கோடர்
டெலாவேர் வரி கட்டலதான். 300 + அபராதம் 200, ரெண்டுக்கும் மாசம் 1.5% வட்டி. ஃபைல் நம்பர் போட்டு ஆன்லைன்ல கட்டிட்டேன், புது ஏஜென்ட் அங்க தாக்கல் பண்றாங்க. டெக்சாஸ்ல வீட்டு அட்ரஸ், மனைவி பேர்ல 401 ஏத்துக்கிட்டாங்க. நன்றி எல்லாருக்கும்.

மெஸ்கிட்_மரம்
நல்லது. 401-ஏல மனைவி கையெழுத்தை வாங்கி ஃபைல்ல வைங்க. கம்ப்ட்ரோலர்கிட்டயும் ஐஆர்எஸ்கிட்டயும் (மத்திய அரசு வரி ஆபீஸ்) மெயிலிங் அட்ரஸா பழைய ஏஜென்ட் அட்ரஸைக் கொடுத்திருந்தா அது தானா மாறாது. கம்ப்ட்ரோலர்கிட்ட இருக்கிற அட்ரஸை அவங்க வெப்ஃபைல் சைட்ல மாத்தணும், ஐஆர்எஸ்ஸுக்கு 8822-பி படிவம். இஐஎன் (கம்பெனியோட வரி நம்பர்) அதேதான். கணக்குப்பிள்ளை சொன்ன ஊர்ப் பயணம் இந்த வருஷம் உண்டா?