மோட்டார் அறை ஓரம் கிடந்த பாம்புச் சட்டை: கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

கேள்வி – மொட்டைமாடி

கட்டடத்தின் பின்பக்கம், மோட்டார் அறைச் சுவரோரம் நேற்றிரவு ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பாம்பு. கருத்த உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். சுவரில் கொஞ்சம் ஏறி, குழாய் போகும் ஓட்டைக்குள் நுழைந்துவிட்டது. போனில் எடுத்த படம் ஆடிப்போய்விட்டது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் பட்டை எது, பளபளப்பு எது என்றே தெரியவில்லை. காலையில் அதே ஓட்டைக்குக் கீழே ஒரு சட்டை, தலையிலிருந்து வால் நுனிவரை முழுசாகக் கிடந்தது. பார்த்தவர்களில் பாதிப்பேர் கட்டுவிரியன் என்கிறார்கள், மீதிப்பேர் ஓநாய்ப் பாம்பு என்கிறார்கள். சட்டையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா? எங்கே, எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1 – வயிற்றுச்செதில்

படத்தை விடுங்கள். முழுச் சட்டை கிடைத்திருப்பது படத்தைவிட நல்லது. நிறம் மங்கிப்போனாலும் செதில்களின் அமைப்பு அப்படியே பதிந்திருக்கும்.

கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். காய்ந்து நொறுங்குகிற மாதிரி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டால் துணிபோலத் துவண்டுவிடும். சட்டை பெரும்பாலும் உள்வெளியாகத் திரும்பித்தான் கிடக்கும், அதனால் ஒன்றும் கெடாது. கத்தரிக்கோலால் பக்கவாட்டில் நீளவாக்கில் வெட்டி, கறுப்புத் துணிமேல் விரித்துப் போடுங்கள். முதுகு நடுவிலோ வயிற்று நடுவிலோ வெட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியதே அந்த இரண்டு இடங்கள்தான்.

முதலில் முதுகின் நடுக்கோடு. கட்டுவிரியனுக்கு முதுகெலும்பின் மேலே ஓடும் ஒற்றை வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவை, அறுகோண வடிவம், தேன்கூட்டு அறைகளைக் கோத்துவைத்தது போல இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு நடு வரிசையும் பக்க வரிசைகளும் ஒரே அளவு.

அடுத்து வாலின் அடிப்பக்கம். வயிற்றின் அகலமான செதில்கள் கழிவுத் துளையோடு முடியும். அதற்குப் பின்னால் வருவதுதான் வால். கட்டுவிரியனின் வாலடியில் செதில்கள் பிளவுபடாமல் ஒற்றை ஒற்றையாக நுனிவரை போகும். ஓநாய்ப் பாம்புக்கு அவை நடுவில் பிரிந்து இரட்டை இரட்டையாக, ஜிப் மாதிரித் தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும் கூட முதுகு நடுச் செதில் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்கு வாலடி இரட்டை. சுருட்டை விரியனுக்கு வாலடி ஒற்றை, ஆனால் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் மேடான கோடு இருக்கும், தடவினால் சொரசொரக்கும். மண்ணுளிப் பாம்புக்கும் வாலடி ஒற்றைதான், அதன் வயிற்றுச் செதில்களோ மிகக் குறுகலானவை. வழவழப்பான உடம்பு, முதுகு நடுவில் பெரிய அறுகோணம், வாலடி ஒற்றை: மூன்றும் ஒன்றாக இருந்தால் கட்டுவிரியன் இனம் என்று சொல்லலாம்.

முதுகில் குறுக்கே எத்தனை வரிசை என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். கட்டுவிரியனுக்கு 15 அல்லது 17, ஓநாய்ப் பாம்புக்கும் 17. இந்த வழக்குக்கு அது உதவாது.

பதில் 2 – கொம்பேறி

தலைப்பகுதி கிழியாமல் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. மூக்குத் துளை உள்ள செதிலுக்கும், கண்ணை ஒட்டி முன்னால் இருக்கும் செதிலுக்கும் நடுவே தனியாக ஒரு சின்னச் செதில் இருக்கிறதா பாருங்கள். ஓநாய்ப் பாம்புக்கு இருக்கும். கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் கிடையாது. சாதாரண பூதக்கண்ணாடி போதும்.

பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்தமுறை உயிரோடு பார்த்தால் உதவும். வளர்ந்த கட்டுவிரியனில் கழுத்தை ஒட்டிப் பட்டை இராது, இருந்தாலும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். பின்னால் போகப்போகத்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்பக்கம் தெளிவாகத் தெரியும். ஓநாய்ப் பாம்பு இதற்கு நேர் எதிர்: கழுத்தில் அகலமான பட்டை, பக்கவாட்டில் விரிந்து கிளைக்கும், வாலை நெருங்கும்போது மங்கி மறைந்துவிடும். உடம்பும் பழுப்பு கலந்தது, கட்டுவிரியன்போல நீலம் பாய்ந்த கறுப்பு அல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டு இதை மட்டும் நம்பாதீர்கள் என்பேன். கட்டுவிரியன் குட்டிக்கு முன்பகுதியிலும் பட்டை தெளிவாக இருக்கும். ஓநாய்ப் பாம்புகளிலேயே நல்ல கறுப்பாக உள்ள வேறொரு இனமும் உண்டு. ஒன்றரை அடி என்பது வளர்ந்த ஓநாய்ப் பாம்பின் அளவு, இளம் கட்டுவிரியனின் அளவும் அதுதான். சுவர் ஏறியது ஓநாய்ப் பாம்பின் பக்கம் சாய்கிறது: அதன் வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்புபோல இருப்பதால் சொரசொரப்பான சுவரில் பல்லி தேடி எளிதாக ஏறும். ஆனாலும் இதை முடிவான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

"முக்கோணத் தலை இருந்தால்தான் விஷம்" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். கட்டுவிரியனுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலம்.

மொட்டைமாடி

விரித்துப் பார்த்தாயிற்று. முதுகு நடுச் செதில்கள் மற்றவை போலத்தான். வாலடி இரட்டை. கண்ணுக்கு முன்னால் அந்தச் சின்னச் செதில் இருக்கிறது. சட்டை நீளம் 56 செ.மீ.

பதில் 3 – வயிற்றுச்செதில்

அப்படியானால் சட்டை கட்டுவிரியனுடையது அல்ல. பட்டையையும் சேர்த்துப் பார்த்தால் ஓநாய்ப் பாம்புதான், விஷமில்லாதது. நீளத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோலும் விரிந்துகொள்வதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும். உங்கள் ஒன்றரை அடிக் கணக்கோடு பொருந்துகிறது.

ஆனால் ஒன்று. சட்டை யாருடையது என்பது மட்டும்தான் இப்போது தெரிந்திருக்கிறது. இரவில் பார்த்ததும் அதுவேதானா என்பதற்குச் சான்று இல்லை. பல்லியும் எலியும் இருக்கிற இடத்துக்கு இரண்டு இனமும் வரும், கட்டுவிரியன் மற்ற பாம்புகளையும் தின்னும். ஆகவே இரவில் அந்தப் பக்கம் போகும்போது டார்ச்சும் மூடிய செருப்பும் வேண்டும். குழாய் ஓட்டையைச் சுற்றிச் சிமென்ட் பூசுங்கள், முடியாத இடத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை. அதற்குமுன் உள்ளே இருக்கும் பாம்பு வெளியேற அவகாசம் கொடுக்க வேண்டும். ஓட்டை வாயில் மெல்லியதாக மாவு தூவி வைத்தால் போன தடம் தெரியும். பூண்டு, பினாயில், உப்பு எதுவும் பாம்பைத் தடுக்காது.

பதில் 4 – கொம்பேறி

கடி விஷயத்தில் மட்டும் இந்தச் செதில் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் திணறல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் நேரே மருத்துவமனை. இந்தியாவில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது, அதனால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை. அடித்துப் போட்ட பாம்பும் சிறிது நேரத்துக்குக் கடிக்கும், அதன் வாலடியைப் புரட்டிப் பார்க்கக் கையை நீட்டாதீர்கள்.