நீலகிரிக்குத் தேவை முகாம்களா, ஊரிலேயே இருக்கும் ஆட்களா?

கோத்தகிரிவாசி எழுதியது:
நம் மாவட்டத்தில் நடக்கும் மருத்துவ முகாம்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. வண்டி வருகிறது, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் போய்விடுகிறார்கள். 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோதும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் எந்த முகாம் வண்டி மேலே ஏறி வரும்? சாலையும், செல்போன் கோபுரமும், இரவிலும் ஆள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசின் கடமை. அந்தக் கடமையைத் தள்ளிப்போடவே முகாம்களும், தொண்டு அமைப்புகள் ஊர் ஊராகச் செய்யும் களப்பணியும் உதவுகின்றன.

பந்தலூர்க்காரர் எழுதியது:
ஐயா, முகாமைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகாமையும் களப்பணியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். கூடலூர்ப் பகுதியில் 1980-களின் நடுவில் ஆதிவாசிகளிடையே வேலை செய்யும் அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு பணியைத் தொடங்கியபோது முதலில் கையில் எடுத்தது மருந்தையல்ல, நிலத்தை. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 1988-இல் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான பணியர்களும் குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் கூடலூரில் பேரணி சென்றார்கள். அந்தச் சங்கத்தின் ஊர்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். 1990-இல் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை வந்தபோது செவிலியர்களாக நின்றவர்களும் ஆதிவாசிப் பெண்களே. சாலை அறுந்தாலும் அந்தப் பணியாளர் ஊரில்தான் இருப்பார், ஏனென்றால் அவர் வீடு அங்கே இருக்கிறது. யார் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் என்பது அவருக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும்.

உரிமை கேட்கக் கற்றுத் தந்த ஒரு பணி அரசைக் கடமையிலிருந்து தப்பவிட்டது என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

ஊட்டி ஆசிரியர் எழுதியது:
இடையில் ஒரு செய்தி. அரசும் ஏறத்தாழ இதே வழிக்கு வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கோத்தகிரிவாசி கேட்கும் செல்போன் கோபுரமும் வரட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் ஊமையாகிவிடும்.

கோத்தகிரிவாசி எழுதியது:
கூடலூர் எடுத்துக்காட்டு வலுவானது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மாவட்டத்தின் ஒரு மூலையில், பல ஆண்டு உழைப்பில் விளைந்தது. மற்ற இடங்களில் நாம் காண்பது மூன்றாண்டுத் திட்டமும் அதன் முடிவில் பூட்டிய அறையும்தான். வெளி நிதி நின்றால் அந்தப் பணியாளருக்கு ஊதியம் யார் தருவது? வன உரிமைச் சட்டம், 2006-இன்படி, கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளி, மருந்தகம், சாலை போன்றவற்றுக்கு ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை ஒதுக்க முடியும். களப்பணியாளர்கள் மாத்திரைப் பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அந்தத் தீர்மானங்களை எழுதவைப்பதில் செலவிட்டிருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது.

பந்தலூர்க்காரர் எழுதியது:
ஊதியக் கேள்வி நியாயமானது, அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. சங்க உறுப்பினர்களுக்கு 1992 முதல் மருத்துவக் காப்பீடு நடக்கிறது. ஆனால் உறுப்பினர் செலுத்தும் தொகை செலவின் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும், மீதிக்கு இன்றும் வெளியில்தான் கையேந்த வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களின் ஊதியத்தை அரசே ஏற்க வேண்டும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் ஊரிடமே இருக்க வேண்டும் என்பேன். கிராம சபைத் தீர்மானத்தைப் பொறுத்தவரை, அதை எழுதவைக்க யாராவது ஒருவர் அந்தக் குடியிருப்பு வரை நடந்து போகத்தானே வேண்டும்?

கோத்தகிரிவாசி எழுதியது:
ஊதியம் அரசிடமிருந்து வந்தால் தேர்வும் அரசிடமே போய்விடும் என்று அஞ்சுகிறேன். ஊர் தேர்ந்தெடுத்தவரை அதிகாரிகள் மாற்ற முடியாதபடி விதியிலேயே எழுதித் தருவார்கள் என்றால், இந்தக் கோரிக்கையை நீங்கள் மனுவாக எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.