சித்திரை வெக்கையும் எங்கட கோழிகளும்: பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொட்டாஞ்சேனைப் பொடியன்:

போன ஏப்ரலில் ஒரே பின்னேரம் மூன்று கோழி போச்சுது. இருந்ததே ஒன்பது. புதுவருஷத்துக்கு நாலு நாள். அம்மா அடுப்படியில் பலகாரம் சுடுறா, நான் பின்பக்கம் கோழிகளுக்குத் தண்ணி அடிக்கிறேன். தண்ணி அடித்துத்தான் அவற்றைக் கொன்றேன். சிரிக்காதேங்கோ, ஹோசால அடிச்ச தண்ணி.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடு, வளவு என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் மதில், மற்றப் பக்கம் வீட்டுச் சுவர், நடுவில் பத்தடிக்கு ஆறடி நிலம். 2023இல் முட்டை ஐம்பது ரூபாயைத் தாண்டி, இந்தியாவில் இருந்து கப்பலில் முட்டை இறக்கின காலத்தில் ரோசம் வந்து வாங்கின கோழிகள். ஆறு லேயர் (முட்டைக்கென்றே வளர்க்கிற இனம்), மூன்று ஊர்க்கோழி. கூட்டுக்கு மேலே தகரம்.

அன்றைக்குக் காலையில் இருந்தே ஒரு இலை ஆடவில்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் செட்டையை உடம்பில் ஒட்டாமல் அகட்டி, வாயைப் பிளந்து, தொண்டைத் தோல் படபடக்க நின்றுகொண்டிருந்தன. யூடியூப்பில் தமிழ்நாட்டு அண்ணா ஒருவர் நாற்பது பாகை வெயிலில் பனி மாதிரித் தண்ணி தெளித்துப் பண்ணையைக் குளிர வைக்கிறதைப் பார்த்திருந்தேன். அங்கே நாற்பது, இஞ்ச முப்பத்திரண்டுதானே என்ற எண்ணம் வேறு. கூட்டைச் சுற்றிச் சாக்குக் கட்டி நனைத்தேன். தகரத்தை நனைத்தேன். கோழிகளையும் நனைத்தேன். தகரத்தில் இருந்து ஆவி எழும்பினது கண்ணுக்கே தெரிந்தது.

அரை மணித்தியாலத்தில் படபடப்பு இரண்டு மடங்கானது. இரண்டரை போல முதலாவது சரிந்தது. கொண்டை வெளிறி, கண் பாதி மூடி, கழுத்து ஒரு பக்கம் தொங்கியிருந்தது. தூக்கினால் செட்டைக்குக் கீழே நெருப்பு. சாக்கை விலக்கிக் கூட்டுக்குள் தலையை விட்டேன், கண்ணாடி புகார் பிடித்தது. அப்பதான் விளங்கினது. நான் கட்டினது கோழிக்கூடு இல்லை, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. மற்ற இரண்டும் நாலு மணிக்கு முதலே போய்விட்டன. மூன்றும் லேயர். ஊர்க்கோழிகள் மதில் மூலையில் மண்ணைக் கிளறிப் படுத்திருந்தன, அவற்றை நான் பிடித்து அடைக்க முடியாமல் விட்டதால் தப்பின.

பிறகு மிருக வைத்தியரிடம் கேட்டேன். கோழிக்கு வேர்வைச் சுரப்பியே இல்லை. சுகமாக இருக்கும்போதே உடம்புச் சூடு 41, 42 பாகை. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, உள்ளே இருக்கிற ஈரத்தை ஆவியாக விட்டுத்தான் சூட்டைக் கழிக்கும். வெளியில் இருக்கிற காத்தே ஈரத்தால் நிரம்பிக் கிடந்தால் அந்த ஆவி எங்கே போகும்? காய்ந்த ஊரில் தெளிக்கிற தண்ணி பறந்து போய்க் குளிர வைக்கும். கொழும்பில், காத்து வராத மூலையில், அவித்துப் போடும். சாக்கைக் கட்டி இருந்த கொஞ்சக் காத்தையும் மறித்தது என்ர கெட்டித்தனம்.

மதிலுக்குள்ளே கோழி வைத்திருக்கிற ஆட்கள் என்ன செய்றீங்கள்? செத்த கோழிகளின்ட கதையையும் சொல்லுங்கோ. எல்லாரும் வெற்றிக் கதைதான் எழுதுறாங்கள்.

வெள்ளவத்தை அக்கா:

தம்பி, உங்களுக்குப் பகல், எனக்கு இரவு.

நாங்கள் கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடிக்கு மேலே கொங்கிரீட் சிலாப்பில்தான் கூடு. பகலில் பயமே இல்லை. பதினொரு மணி தாண்டினால் கடல் காத்து வந்துவிடும், கோழிகளின் வால் இறகு விசிறி மாதிரி விரியும். அதை நம்பி இருந்தேன். மரநாய்த் தொல்லை இருக்கிறபடியால் ஆறரைக்குப் பலகைப் பெட்டிக்குள் அடைத்துவிடுவேன். மரநாயும் எலியும் நுழையக் கூடாது என்று ஒரு விரல் இடைவெளி விடாமல் அடித்த பெட்டி.

ஒரு நாள் காலையில் திறந்தால், மகன் செல்லமாக வளர்த்த புரொயிலர் கால் விறைத்துக் கிடக்குது. கறிக்கு வாங்கினது, அவன் அழுததால் கறியாகாமல் நாலு கிலோவுக்குக் கொழுத்தது. மற்ற ஆறும் உயிரோடு, ஆனால் தள்ளாடி வந்தன. ஏதோ நோய் வருத்தமாக்கும் என்று பயந்து எல்லாருக்கும் போன் அடித்தேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேலே போய் சிலாப்பில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவில்தான் கக்குது. கடல் காத்தும் அந்த நேரம் செத்துப் போகும். ஏப்ரலில் கொழும்பின் இரவே 25, 26 பாகை. அதில் பலகைப் பெட்டி, கீழே சூட்டுக் கல், உள்ளே ஏழு உடம்பு. கொழுத்தது முதலில் போனதில் அதிசயம் இல்லை. மகனுக்கு அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இப்போது கூடு புளொக் கல்லில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்குது. இரண்டு பக்கப் பலகையைக் கழற்றி அரை அங்குலக் கம்பி வலை அடித்தேன். மரநாய் வந்து மணந்துவிட்டுப் போகும், வேறொன்றும் செய்ய ஏலாது. நாலரைக்கு, காத்து வீசும்போதே, சிலாப்பில் நாலு வாளி தண்ணி ஊற்றுவேன். ஆறு மணிக்குள் காய்ந்துவிடும். நீங்கள் சொன்னதுக்கு எதிர் மாதிரித் தெரியும். எதிர் இல்லை. காத்து இருக்கிற நேரம் தண்ணி மருந்து, காத்து நின்றால் அதுவே நஞ்சு.

இன்னொன்று. மேலே கறுப்புத் தாங்கி வைத்திருப்பவர்கள் பகலில் அந்தக் குழாய்த் தண்ணியைக் கோழிக்கு வைக்காதேங்கோ. தேத்தண்ணி போடலாம், அவ்வளவு சூடு. கோழி ஒரு வாய் வைத்துவிட்டுத் திரும்பியே பார்க்காது. நாங்கள் “தண்ணி வைத்தோமே” என்று இருப்போம். நான் குசினியில் இருந்து சுமக்கிறேன், மூன்று மாடி.

தெமட்டகொடை ராத்தா:

2024 நோன்பு பங்குனி வெயிலிலே வந்தது ஞாபகம் ஈக்குதா? எனக்குக் கோழி விசயத்தில புத்தி வந்தது அந்த மாசம்தான்.

விடியமுந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிக் குசினி லைட்டைப் போட்டா, ஜன்னலுக்கு வெளிய கூட்டுல ஈக்கிறதுகளும் எழும்பி ஒரே சத்தம். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்று நாலரைக்கே தீனியைப் போட்டு வாயை அடைச்சன். வெளிச்சம் வாறதுக்குள்ள வயிறு நிறையத் திண்டுடும். பத்து மணிக்குப் பார்த்தா தீனிப் பாத்திரம் காலி, எனக்கும் நோன்பில எழும்பிப் போட ஏலாது. அப்படியே விட்டன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகுதான் மறுபடி போட்டன். உம்மா “கோழியும் நோன்பு பிடிக்குதோ” என்று சிரிச்சா.

ஆனா அந்த மாசம் ஒரு கோழியாவது வாயைப் பொளந்து படுக்கல்ல. அதுக்கு முந்தின வருஷம் மத்தியானம் பன்னிரண்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் குழைச்சுப் போடுவன், ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கும். தீனி செரிக்கிறதே உடம்புல சூட்டை உண்டாக்கும், திண்டு சில மணித்தியாலத்தில அது உச்சத்துக்குப் போகும் என்று பொறகு படிச்சன். அப்ப நான் போட்ட தீனியோட சூடும் வெயில்ட சூடும் ஒரே நேரத்தில ஏறி இருக்கு. தண்ணிய மட்டும் நோன்பு புடிக்க விடாதீங்க. ஒரு கோழிக்கு நாளைக்குக் கால் லீற்றர் அளவு போதும் என்பாங்க, இந்த வெக்கைக்கு அதைப் போல ரெண்டு மடங்கு குடிக்கும்.

நோன்பு திறக்க வெட்டுற வத்தகப்பழத் தோல் அடுத்த நாள் அதுகளுக்குத்தான், பிரிஜ்ஜில வெச்சு. மிஞ்சின கஞ்சியைக் குடுத்து ஒரு தரம் மாட்டினன். உப்பு. கூடு முழுக்கத் தண்ணியாக் கழிஞ்சு வெச்சதுகள், நானும் நோன்போட கழுவினன்.

தெஹிவளை:

எங்களுக்குச் சாவு இல்லை. முட்டைதான். ஏப்ரல் வந்தால் ஓடு கடதாசி மாதிரி, எடுக்கும்போதே விரல் உள்ளே போகும். சிப்பித்தூள் வைத்தும் சரிவரவில்லை. காரணம் கல்சியம் குறைவு மட்டும் இல்லையாம்: இடைவிடாமல் மூச்சு வாங்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடும், ஓடு கட்டுறதுக்குத் தேவையான காபனேற்று இரத்தத்தில் குறைந்துவிடும். அதோடு சாப்பாடும் குறைவு. சிப்பித்தூளைப் பின்னேரத் தீனியோடு வைக்கத் தொடங்கின பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஓடு கட்டுறது பெரும்பாலும் இரவில்தானே.

கால்வாய் ஓரம் வீடு. கீழ்ப் பக்கம் காத்துக்காக வலையைத் தூக்கி விட்டேன், கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) ஒன்று அதே வழியால் வந்து அடைமுட்டை முழுவதையும் முடித்துவிட்டு, போக மனமில்லாமல் உள்ளேயே படுத்திருந்தது. காத்து விடும்போது கீழேயும் பாருங்கோ.

வத்தளை ஐயா:

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு. ஒன்பது கோழிக்கு அந்த இடம் காணும். பிழை தகரத்தில். அதைக் கழற்றத் தேவையில்லை. தகரத்துக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டுக் கம்பு பரப்பி, அதன் மேல் இரட்டைக் கிடுகு (பின்னின தென்னோலை) போடும். கிடுகு தகரத்தில் ஒட்டக் கூடாது, இடையில் காத்து ஓட வேணும். வத்தளைப் பக்கம் இன்னும் கிடுகு கிடைக்குது. கொட்டாஞ்சேனையில் கிடைக்காவிட்டால் காய்ந்த தென்னோலையைப் பின்னாமல் அடுக்கினாலும் ஒரு வெயில் காலம் தாங்கும்.

மதிலை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். ஜனவரியில் மத்தியானம் மதிலடியில் நல்ல நிழல் விழும், நீங்கள் கூட்டையும் அங்கே வைப்பீர்கள். ஏப்ரலில் பன்னிரண்டு மணிக்கு அதே மதிலுக்கு ஒரு சாண் நிழல் இல்லை. மதில் உள்ள இடத்தில் காத்தும் இல்லை. கோழிக்கு இது தெரியும். எங்கட கோழிகள் பங்குனி பிறந்தாலே மதிலை விட்டுவிட்டு, உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கும் வாழைக்கும் இடையில் கிடங்கு தோண்டிப் படுக்கும். மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, கீழே இருக்கிற ஈர மண்ணில் நெஞ்சை வைக்கும். மனுசி வாழையடி நாசமாகுது என்று ஏசுவா. நான் பிறகு கூட்டையே அங்கே மாற்றினேன். அவை காட்டின இடம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்களே, அதுவரைக்கும் நானும் மேசை விசிறி வைத்துத்தான் கோழி வளர்த்தேன். மூன்று பக்கமும் அடைத்த கூடு, ஒரு விசிறி, பெரிய ஏற்பாடு. கரண்ட் போன முதல் நாள் நானும் கோயில் குருக்கள் மாதிரி விசிறியும் கையுமாக நின்றேன், கை நொந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் கோடாலியை எடுத்து இரண்டு பக்கப் பலகையைப் பிடுங்கினேன். அதோடு விசிறியின் வேலை முடிந்தது, கரண்ட் வந்த பிறகும் அதைக் கூட்டுக்குக் கொண்டு போகவில்லை.

தண்ணீர் தெளிப்பதே பிழை என்று எல்லாரும் தீர்மானித்துவிடாதீர்கள். திறந்த வளவில் நிலத்துக்குத் தெளிக்கலாம். கோழிக்குத் தெளிக்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:

ஐயா, நன்றி. தென்னோலை போட்டாச்சு, ஜிந்துப்பிட்டியில் கோயில் பந்தல் பிரித்த இடத்தில் கேட்டு வாங்கினேன். மதில் மேல் வரிசையில் இரண்டு கல்லுக்கு ஒரு கல் கழற்றவும் பக்கத்து வீட்டு நோனா சம்மதித்துவிட்டா. கிழமைக்கு நாலு முட்டை என்று பேச்சு.

போன செவ்வாய் திரும்பவும் ஒன்று சரிந்தது, லேயர்தான், முட்டை இடுகிற பெட்டிக்குள்ளே. இந்த முறை ஹோசைத் தொடவில்லை. வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து, பேசினில் குழாய்த் தண்ணி விட்டு, காலும் வயிற்றடியும் மட்டும் நனைகிற மாதிரி நிறுத்திப் பிடித்தேன். தம்பி பிரிஜ்ஜில் இருந்து ஐஸ் கொண்டு ஓடி வந்தான், வேண்டாம் என்றேன், திடீர்க் குளிர் தாங்காது. கொண்டையையும் ஈரத் துணியால் ஒற்றினேன். வயிற்றோட்டத்துக்குக் குடுக்கிற ஜீவனித் தூள் கரைத்த தண்ணியை விரலில் தொட்டுச் சொண்டின் ஓரத்தில் விட்டேன். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். முதல் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சொண்டை ஒரு தரம் மூடித் திறந்தது. இன்னொரு தரம். இருபது நிமிஷத்தில் பேசின் தண்ணியைத் தானே குனிந்து குடிச்சது, ஒரு மணித்தியாலத்தில் அம்மாவின் சீலையில் எச்சம் போட்டது. அம்மா ஏசவில்லை.

ராத்தா சொன்ன மாதிரி நாலரைக்குத் தீனி போடவும் பார்த்தேன், எழும்பத்தான் ஏலாமல் இருக்கு. ஐந்தரைக்குப் போடுறேன்.

ஐயா, ஒரு சந்தேகம்: ஓலைக்கு மேலே பொலித்தீன் போட்டால் வெக்கை பிடிக்குமா? நாலு மணிக்கு இடி முழங்கத் தொடங்கிவிடுது, மழையும் கொட்டுது, நேற்றுக் கூட்டுக்குள் போட்டிருந்த உமி முழுக்க ஊறிக் கண் எரியிற மணம். இப்பவும் மேற்கால கறுத்துக்கொண்டு வருது. உமியை அள்ளிப்போட்டு வாறேன்.